மீட்டர் ஒன்றரை காட்டியது

பெயிண்டர்கள் மீது சின்னவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கட்டடத்துக்கு வண்ணம் பூச வந்தவர்கள் பூசிவிட்டுப் போகவேண்டியதுதானே? மொட்டைமாடியிலிருந்து சுவரோரமாக இறங்கிய தடித்த கறுப்பு ஒயரைப் பார்த்து, இது யாருக்கும் வேண்டாத பழைய சரக்கு என்று அவர்களே தீர்மானித்து, தொங்குபலகையில் உட்கார்ந்த வாக்கில் துண்டு துண்டாக நறுக்கிக் கீழே போட்டுவிட்டார்கள். கேட்டால், "அழகா இருக்கட்டும்னு எடுத்தோம்" என்று பல்லைக் காட்டினார்கள். அழகாம் அழகு! அந்த ஒயர் வழியாகத்தான் அவள் தினமும் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அக்காவும் தங்கையும் ஹாம் ரேடியோக்காரிகள். பரீட்சை எழுதி, உரிமமும் ஆளுக்கொரு அழைப்புக் குறியும் வாங்கி, சொந்தமாக ஒரு ரேடியோ செட்டை வைத்துக்கொண்டு காற்றில் பேசிக்கொள்கிற ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. அதில் இவர்களும் இரண்டு பேர். மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு. இவர்களுக்குத் தேவை. பெரியவளின் உத்தியோகம் மலைச்சரிவுகளை அளப்பது. எந்தச் சரிவு நகர்கிறது, எது சும்மா இருக்கிறது என்று பார்ப்பதற்காக மழைக்காலம் முழுக்க மலைமேல் ஒரு தகரக் கொட்டகையில் கிடப்பாள். துணைக்கு ஒரு ஜீப்காரர். அங்கே செல்போன் நினைத்தால் எழுந்திருக்கும், நினைத்தால் படுத்துக்கொள்ளும்.

இந்த மூன்றாம் மாடி வீட்டைப் பெரியவள் தேடிப் பிடித்ததே அதற்காகத்தான். இதன் மொட்டைமாடியில் நின்றால் அந்த மலை நேராகத் தெரியும். ஊரில் வேறு எந்த ரேடியோக்காரன் வீட்டிலிருந்தும் தெரியாது. நடுவில் ஒரு குன்று குறுக்கே படுத்திருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் பாதையிலும்கூட, கொட்டகையை விட்டால் சத்தம் போய்விடும். அப்புறம் அடிவாரத்து ஆற்றுப் பாலத்துக்கு முந்தின வளைவில் மட்டும் கொஞ்ச நேரம் கேட்கும்.

சின்னவள் வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரிகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். தையல் மிஷினுக்குப் பக்கத்தில், நூல்கண்டு டப்பாக்களுக்கு நடுவே அவளுடைய செட் இருக்கும். மாலையில் அம்மா டீ போடுகிற நேரத்துக்குப் பெரியவள் மலையிலிருந்து கையடக்க செட்டில் கூப்பிடுவாள். அதிலும் சட்டம் பேசுவாள். "ஏர்ல வந்துட்டா நான் அக்காவும் இல்ல, நீ தங்கச்சியும் இல்ல. அழைப்புக் குறியைச் சொல்லு, விஷயத்தைச் சொல்லு, பட்டனை விடு." ஒரு தடவைகூட சின்னவள் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. மீறினால் வீட்டுக்கு வந்ததும் பாட்டு விழும்.

ஒயர் போன அன்று சின்னவள் போனில் சொன்னபோது, பெரியவள் பெயிண்டர்களை வைதுவிட்டு, "நான் இறங்கி வந்து நல்ல கேபிளா வாங்கிப் போடறேன். அதுவரைக்கும் போன்லயே பேசிக்கலாம்" என்றாள்.

"எதுக்கு? சுவத்துக்குள்ள பழைய டிவி கேபிள் சும்மாதானே கிடக்கு? மாடி வரைக்கும் போகுது. அதை இழுத்துக் கொடுத்துட்டா போச்சு."

"டிவி கேபிளா? அது எழுபத்தஞ்சு ஓம்டி. நம்ம செட்டு அம்பது ஓம். ரெண்டும் எப்படிச் சேரும்?"

"மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டுல இருக்கறதில்லையா? கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கும். அதுக்காக அடுப்பு எரியாமலா போயிடும்?"

"உன்கிட்ட பேச முடியாது. ஒண்ணும் பண்ணாம இரு" என்று பெரியவள் போனை வைத்துவிட்டாள்.

ஒன்றும் பண்ணாமல் இருக்கச் சொன்னால் சின்னவளுக்குக் கை சும்மா இருக்காது. புயல் வரப்போகிறது என்று வேறு சொன்னார்கள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. ஹாம்காரர்கள் எத்தனையோ பேர் டிவி கேபிளில்தான் காலம் தள்ளுகிறார்கள். ஐம்பதுக்கும் எழுபத்தைந்துக்கும் பொருத்தம் கொஞ்சம் குறைவு. அனுப்புகிற பவரில் சொற்பம் திரும்பி வரும். அந்தப் பொருத்தத்தை அளக்க ஒரு மீட்டர் உண்டு. எல்லாம் கச்சிதமாக இருந்தால் அது ஒன்று காட்டும். எழுபத்தைந்து ஓம் கேபிளுக்கு ஒன்றரை காட்டவேண்டும். ஒன்றரை ஒன்றும் பாவமில்லை.

கூடத்தில் டிவி இருக்கும் அலமாரிக்குப் பின்னால் அந்தக் கேபிள் சுவரிலிருந்து வெளியே வந்தது. டிவி இப்போது இன்டர்நெட்டில் ஓடுகிறது. கேபிளின் நுனி யாரும் சீண்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சின்னவள் பொட்டலம் பிரிக்காத புதுக் கேபிள் ஒன்றை அதோடு சேர்த்துத் தையல் அறைவரை இழுத்தாள். அதன் வெளிப்பின்னல் அலுமினியம், பற்றவைக்க ஈயம் பிடிக்காது. முதல் முயற்சியில் உள்ளே இருந்த வெள்ளை நுரைதான் உருகிக் கையைச் சுட்டது. பிறகு டிவிக்காரர்கள் போடுகிற திருகு பிளக்கையே போட்டு, செட்டுக்கு ஏற்ற ஒரு மாற்றியைக் உதிரிச் சாமான் பெட்டியில் தேடிப்பிடித்து மாட்டினாள். மாடிக்குப் போய், பழைய டிவி ஏரியல் இருந்த கம்பத்தில் தன் ஆன்டெனாவைக் கட்டி, அங்கே சுருட்டிக் கிடந்த கேபிள் நுனியை அதில் கொடுத்தாள். கீழே வந்து, துளிப் பவரில் சோதிக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தாள்.

ஒன்றரை. முள் அங்கேயே நின்றது. சின்னவளுக்கு அக்காவை அந்த நிமிஷமே கூப்பிட்டுக் காட்டவேண்டும் போலிருந்தது.

அவள் அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது அம்மா தலைமாட்டிலேயே நின்றாள். "அந்த சிவப்பு லைட்டை மட்டும் தொடாத. அது அணைஞ்சா டிவி வராது."

அலமாரிக்குப் பின்னால் ஒரு சின்ன அடாப்டர் வருஷக்கணக்காகச் செருகியபடி கிடந்தது. அதில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். அப்பா இருந்த காலத்தில் வைத்தது. எதற்கு என்று யாருக்கும் தெரியாது. அம்மா தூசி தட்டும்போதுகூட அதைச் சுற்றித்தான் தட்டுவாள். "சரிம்மா, தொடல" என்றாள் சின்னவள். தொடவுமில்லை. அதிலிருந்து என்ன போகிறது, எங்கே போகிறது என்று குனிந்து பார்க்கவுமில்லை. மீட்டர்தான் ஒன்றரை காட்டிவிட்டதே!

அன்று இரவு புயல் அடித்தது. மலையில் செல்போன் கோபுரம் விழுந்துவிட்டது. அக்கா டீ நேரத்தில்தான் தன் செட்டைத் திறப்பாள் என்பதால், மறுநாள் முழுக்க சின்னவள் செட்டைத் திறந்துவைத்துக் கேட்க மட்டும் செய்தாள். என்ன சத்தம், என்ன சத்தம்! பழைய தடித்த ஒயரில் கரகரவென்று வந்தவர்கள் எல்லாம் இப்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டார்கள். "பாத்தியாம்மா? டிவி கேபிள்தான் டிவி கேபிள். உன் பெரிய பொண்ணு என்னமோ பெரிசா பேசினாளே" என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு நன்றாக ஏன் கேட்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். நல்லது நடந்தால் யார் காரணம் கேட்கிறார்கள்?

டீக்குத் தண்ணீர் வைக்கிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டு பஸ் டிரைவர். மலைப்பாதையில் ஓட்டுகிறவர். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"உங்க அக்கா மேலதானே இருக்காங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பாலம் போயிடுச்சும்மா. பாத்தா தெரியாது, மேல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நடுத்தூண் கீழ இறங்கிடுச்சு. ஒரு வண்டி ஏறினா போதும். இந்தப் பக்கம் கயிறு கட்டி நிறுத்தறாங்க. எங்களைத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் யாரு இருக்கா? போனும் இல்ல. ஆள் போகவும் வழி இல்ல."

சின்னவள் உடனே கலெக்டர் ஆபீஸ் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்தாள். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். தண்ணீர் வடிந்தால்தான் அந்தக் கரைக்கு ஆள் அனுப்ப முடியுமாம். "மேலே இருக்கறவங்க கீழே இறங்காம இருந்தா பிரச்சனை இல்லைங்க" என்றார் அந்த மனிதர். இதைச் சொல்ல ஒரு கன்ட்ரோல் ரூம்!

"யாரு வந்தது?" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

"கீழ் வீட்டுக்காரர்மா. தண்ணி வருதான்னு கேட்டார்."

அம்மாவுக்கு லேசில் படபடப்பு வந்துவிடும். மாத்திரை சாப்பிடுகிறவள். பெரியவள் மலைக்குப் போகிற நாளெல்லாம் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அக்காவிடம் பேசி, கொட்டகையைவிட்டு அசையாதே என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. அப்புறம் ஆற அமர அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம். செட் இருக்கிறது, கேபிள் இருக்கிறது, ஒன்றரை இருக்கிறது. சின்னவள் தையல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மைக்கைக் கையில் எடுத்து உட்கார்ந்தாள்.

செட்டில் பெரியவள் வந்தாள். கண்ணாடிபோல் தெளிவான குரல். சட்டப்படி அழைப்புக் குறிகளைச் சொல்லிவிட்டு, "கேபிள் போன வீட்டுல யாராவது கேக்கறீங்களோ இல்லையோ, சொல்லி வைக்கறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். மழை விட்டிருக்கு. மறுபடி பிடிக்கறதுக்குள்ள இறங்கிடலாம்ங்கறார் ஜீப்காரர். சாமானை எல்லாம் கட்டிட்டு பாலம் வழியா வர்றோம். முடிக்கறேன்" என்றாள்.

சின்னவள் பவரை முழுசாக ஏற்றினாள். பட்டனை அமுக்கினாள். அழைப்புக் குறியாவது, சட்டமாவது?

"அக்கா! பாலத்துல ஏறாத! தூண் இறங்கிடுச்சு! கொட்டகையிலயே இரு! அக்கா, கேக்குதா?"

பட்டனை விட்டாள்.

பதில் இல்லை. அக்கா மட்டுமல்ல, யாருமே இல்லை. காலையிலிருந்து வளவளவென்று பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரையும் யாரோ வாயைப் பொத்தியதுபோல் இருந்தது. செட்டின் விளக்கு எரிகிறது, முகப்பு மின்னுகிறது, உள்ளே உயிர் இல்லை. மறுபடி அமுக்கினாள், கத்தினாள், விட்டாள். ஒன்றுமில்லை.

போனதா, போகவில்லையா? முதல் தடவை பேசினாளே, அதாவது போய்ச் சேர்ந்ததா? அக்கா அதைக் கேட்டுவிட்டு மூட்டையை அவிழ்த்துப் போட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறாளா, ஒன்றும் கேட்காமல் ஜீப்பில் ஏறிக்கொண்டிருக்கிறாளா? இதை யாரிடம் போய்க் கேட்பது? சின்னவள் தைத்துக்கொண்டிருந்த பச்சைத் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

"அக்கா பேசினாளா?" என்றாள் அம்மா.

"பேசினா, பேசினா. நல்லா இருக்கா."

"சிவப்பு லைட் அணைஞ்சு போச்சுடி, வந்து பாரு..."

"அப்புறம் பாக்கறேன்மா!"

மாடிப்படியில் தாவி ஏறினாள். ஆன்டெனாவைத்தான் காற்று சாய்த்திருக்கும் என்று நினைத்தாள். மாடியில் தூறல். கம்பம் நட்டுவைத்தபடி நின்றது. ஆன்டெனா அதன் இடத்தில், நுனி மலையைப் பார்த்தபடி. திருகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். துளி ஈரம்கூட இல்லை. தூரத்தில் மலை கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று தெரிந்தது. அங்கே எங்கேயோ ஒரு ஜீப்பில் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருக்கிற இடத்தில் அக்கா இருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. 

கீழே ஓடினாள். செட்டின் பின்பக்க இணைப்பைக் கழற்றி மாட்டினாள். ஃபியூஸைப் பார்த்தாள். கூடத்துக்கும் தையல் அறைக்கும் நடுவே தரையில் போட்ட கேபிளை விரலால் தடவிக்கொண்டே தவழ்ந்தாள், எங்காவது கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா என்று. அம்மா மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்றதைக் காதுலயே வாங்க மாட்டேங்கற. லைட் அணைஞ்சிருச்சு. நீ அந்த ரூம்ல கத்தினியே, அப்பதான் அணைஞ்சுது. நான் பாத்துட்டே இருந்தேன்."

சின்னவள் தவழ்ந்தபடியே நின்றுவிட்டாள்.

"நான் கத்தினப்பவா?"

"ஆமா. நீ கத்தின, அது பக்குனு போச்சு. டிவி என்னமோ ஓடிட்டுதான் இருக்கு" என்றாள் அம்மா, அதைப் பெரிய குறையாக.

சின்னவள் அலமாரியை நகர்த்தினாள். இவ்வளவு வருஷமாகக் குனிந்து பார்க்காததை இப்போது தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தாள். அடாப்டரிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று புறப்பட்டு ஒரு தீப்பெட்டி அளவு டப்பாவுக்குள் போயிற்று. சுவரிலிருந்து வந்த கேபிளும் அதே டப்பாவுக்குள்தான் போயிற்று. அவள் கேபிளின் நுனி என்று நினைத்துச் சேர்த்தது, அந்த டப்பாவுக்கு இந்தப் பக்கம் தொங்கிய முழத்துண்டில்.

பூஸ்டர்!

அந்தக் காலத்தில் டிவி ஏரியலில் படம் புள்ளி புள்ளியாக வந்தால், சிக்னலைப் பெருக்க ஒரு பூஸ்டர் பெட்டி வைப்பார்கள். பெட்டி மேலே இருக்கும். அதற்குக் கரண்ட், கீழே இப்படி ஒரு டப்பா வழியாகக் கேபிளிலேயே ஏறும். டிவி இன்டர்நெட்டுக்கு மாறியபிறகும், அம்மாவின் சிவப்பு லைட் புண்ணியத்தில் அந்தப் பெட்டி இத்தனை நாளும் விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதனால்தான் காலையில் எல்லோரும் பக்கத்து அறையில் பேசினார்கள். அதற்கு மேலேயிருந்து கீழே கொண்டுவரத்தான் தெரியும். கீழேயிருந்து மேலே ஒன்றும் போகாது. அவள் முழுப் பவரையும் அதன் வாயில் திணித்தாள், அது கருகி, கீழே சிவப்பு லைட்டையும் அணைத்துவிட்டது. மீட்டர் காட்டிய ஒன்றரை ஆன்டெனாவின் ஒன்றரையே அல்ல. பூஸ்டரும் எழுபத்தைந்து ஓம்தான். மீட்டர் கண்டது அதைத்தான். எதிர்பார்த்த எண் வந்துவிட்டதால் அவள் மேலே கேள்வி கேட்கவில்லை.

அக்காவாக இருந்தால் கேட்டிருப்பாள். அது இன்னும் வலித்தது.

"அம்மா, அப்பா ஒரு பெட்டி வச்சாரே, ஏரியலுக்கு. எங்கே வச்சார்?"

"எதுக்கு இப்ப?"

"சொல்லும்மா!"

அவள் போட்ட சத்தத்தில் அம்மா ஒரு அடி பின்வாங்கினாள். "மழையில நனையக் கூடாதுன்னு மாடிப்படி உச்சியில, கதவுக்கு மேல வச்சார். ஏண்டி? என்ன ஆச்சு? அக்காவுக்கு என்ன?"

இனி மறைத்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை. மறைக்க நேரமும் இல்லை. "பாலம் உடைஞ்சிருக்கும்மா. அவங்க அது வழியாத்தான் வர்றாங்க. அவளுக்குத் தெரியாது. நான் சொன்னது போகல" என்று கடகடவென்று கொட்டிவிட்டு, செட்டின் ஒயர்களைப் பிடுங்கினாள். கேபிளைச் சரிசெய்துகொண்டிருந்தால் ஆகாது. சுவரும் வேண்டாம், கூடமும் வேண்டாம். பெட்டியிருக்கும் இடத்துக்கே செட்டைக் கொண்டுபோய், ஆன்டெனாவிலிருந்து இறங்கும் கேபிளில் நேராக மாட்டிவிடவேண்டியதுதான். கரண்ட் போனால் உதவும் என்று ஒரு சின்ன பேட்டரி மிஷினுக்கு அடியில் எப்போதும் இருக்கும். அதை எடுக்கக் குனிந்தால், அம்மா அதை ஏற்கெனவே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. படபடப்பு வரவில்லை. வந்திருந்தால் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"நட" என்றாள் அம்மா.

படி உச்சியில் கதவுக்கு மேலே வெறும் சுவர்தான் இருந்தது. பெயிண்டர்கள்! பெட்டியையும் கேபிளையும் சேர்த்து ஒரே பூச்சாகப் பூசியிருந்தார்கள். சின்னவள் ஸ்டூல்மேல் ஏறி, துணி வெட்டும் கத்தரிக்கோலின் முனையால் சுவரைச் சுரண்டினாள். பெயிண்ட் பொருக்குப் பொருக்காக அம்மாவின் தலையில் கொட்டியது. ஓரிடத்தில் கத்தரி பிளாஸ்டிக்கில் தட்டியது. மூடியை நெம்பியதும் கருகிய வாடை குப்பென்று அடித்தது. மேல்பக்கத்துத் திருகு பெயிண்டில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பல்லைக் கடித்துத் திருகினாள். விரல் தோல் வழன்றது. வந்தது. அந்த நுனியைச் செட்டில் மாட்டி, செட்டை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தாள். கீழ்ப்படியில் அம்மா, மடியில் பேட்டரி.

சத்தம் குறைவாக, கரகரப்பாக இருந்தது. ஆனால் உயிரோடு இருந்தது. சின்னவள் கூப்பிட்டாள். அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிட்டாள், அக்கா என்று கூப்பிட்டாள். கரகரப்பு மட்டும் கேட்டது. கொட்டகையில் இருந்தால் கேட்கும். கேட்கவில்லை என்றால் கிளம்பிவிட்டாள்.

"சாமானை எல்லாம் கட்டிட்டு வர்றோம்னாளே. இவ்வளவு சீக்கிரமா எப்படி..."

"கூப்பிடு" என்றாள் அம்மா.

கூப்பிட்டாள். இனி வளைவு ஒன்றுதான் மிச்சம். அதைத் தாண்டினால் இறக்கம், இறக்கம் முடிந்தால் பாலம். கூப்பிடுவதும் பட்டனை விட்டுக் கேட்பதுமாக இருந்தாள்.  படிக்கட்டு ஜன்னலில் மழை மறுபடி பிடிப்பது தெரிந்தது. அம்மா பேட்டரியைக் கைக்குழந்தையைப்போல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.  அவள் திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது சின்னவளுக்கு.

திடீரென்று கரகரப்புக்குள்ளிருந்து குரல் வந்தது. விட்டு விட்டு, ஜீப் இரைச்சலோடு.

"...அம்மாவுக்கு என்ன? சொல்லு. அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

சின்னவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அக்கான்னு ஒரு சத்தம், அவ்வளவுதான் கேட்டுச்சு, அதுக்கப்புறம் ஒண்ணுமே வரல. நீ ஏர்ல அக்கான்னு கூப்பிட மாட்ட. அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு எல்லாத்தையும் போட்டுட்டுக் கிளம்பிட்டேன். ஜீப்காரரை விரட்டிட்டு வர்றேன். அம்மா இருக்காங்களா? உண்மையைச் சொல்லு!"

பூஸ்டர் கருகுவதற்கு முன்னால் ஒரே ஒரு சொல் அதன் இடுக்கில் கசிந்து போயிருக்கிறது. அந்த ஒரு சொல்தான் அக்காவைக் கிளப்பிவிட்டது. நின்று நிதானமாக வரவேண்டியவளைப் பாலத்துக்கு விரட்டிவிட்டது. தன் வாயாலேயே செய்தது இது என்று சின்னவளுக்குப் புரிந்தது. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

அம்மா அதை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். அந்தக் கருமத்தைத் தொடவே மாட்டேன் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவள். பட்டனைப் பார்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது; இரண்டு கட்டைவிரலாலும் சேர்த்து அமுக்கினாள்.

"நான்தான் பேசறேன். எனக்கு ஒண்ணும் இல்ல, கல்லு மாதிரி இருக்கேன். வண்டியை நிறுத்து. அங்கேயே நிறுத்து. பாலம் உடைஞ்சிருக்கு, அதுல ஏறக்கூடாது. நிறுத்துன்னா நிறுத்து. ஜீப்காரர்கிட்ட சொல்லு. கேக்குதா? நிறுத்திட்டியா? ஏன் பதில் சொல்ல மாட்டேங்கற? நிறுத்தினியா இல்லையா? அம்மா சொல்றேன், நிறுத்துடி..."

"அம்மா, பட்டனை விடு" என்றாள் சின்னவள்.

"அவ பதிலே சொல்லலையே!"

"நீ விட்டாத்தான்மா அவ பேசறது கேக்கும். விடு."

அம்மா விடவில்லை. தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். அழுத்திப் பிடித்திருக்கிற வரைக்கும் பெண் தன் கையில் இருக்கிறாள், விட்டால் போய்விடுவாள் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும். கட்டைவிரல்கள் வெளுத்துப்போயிருந்தன. "நிறுத்து, நிறுத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் ஜீப் நிற்கிறதா, இறங்கிக்கொண்டிருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. சின்னவள் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசி விரலுக்கு அழுத்திப் பிரிக்கவேண்டியிருந்தது.

கரகரப்பு. வெறும் கரகரப்பு. ஜீப் இரைச்சல்கூட இல்லை. இறக்கத்தில் மறைந்துவிட்டால் இப்படித்தான் இருக்கும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"நிறுத்திட்டேன்மா."

இரைச்சல் இல்லாத குரல். வண்டியை அணைத்துவிட்டுப் பேசுகிற குரல்.

"வளைவுலயே நிறுத்திட்டோம். ஜீப்காரர் இறங்கிப் பாக்கப் போயிருக்கார். அம்மா, நிஜமா நீ நல்லாத்தானே இருக்க?"

 மைக் அம்மாவின் மடியில், பேட்டரிமேல் கிடந்தது. சின்னவள் படிச்சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சிறிது நேரம் கழித்துக் குரல் மறுபடி வந்தது. இப்போது அது பெரியவளின் குரல் மாதிரியே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையின் குரல்போல் மெலிந்திருந்தது. "ஜீப்காரர் ஓடி வந்துட்டார். நடுவுல பாலமே இல்லையாம்மா. நாம பேசிட்டு இருக்கும்போதே விழுந்திருக்கு. சத்தம் கேட்டுச்சாம். பாதிப் பாலம்தான் நிக்குது."

 மழை படிக்கட்டு ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா? இருக்கியா? ஏதாவது பேசு."

"பேசும்மா" என்றாள் சின்னவள். மைக்கை எடுத்து அவள் கையில் வைத்தாள். "பட்டனை அமுக்கிட்டுப் பேசு."

அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் விரலைப் பட்டனிலிருந்து எட்ட, எட்டவே வைத்துக்கொண்டாள்.

"நான் அமுக்க மாட்டேன்" என்றாள். "அமுக்கினா அவ குரல் நின்னுடும்."